ராஜினாமா கொடுத்த பிறகு புது வேலை ரத்து: சேமிப்பை எடுத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடம் பார்த்த வேலையை, புது நிறுவனம் தந்த ஆஃபர் லெட்டரை நம்பி ராஜினாமா செய்தேன். நோட்டீஸ் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று, ‘ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம், உங்கள் ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று மின்னஞ்சல் வந்தது. உள்ளதும் போச்சு. கையில் மூன்று மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டில் அரை மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் 35 சதவீதம் வீட்டுக் கடன் தவணைக்குப் போகிறது. சேமிப்பில் பெரும்பகுதியை அந்தக் கடனில் கட்டிப் பாரத்தைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: வேண்டாம். வீட்டுக் கடனில் இப்போது தவணைக்கு மேல் எதுவும் கட்டாதீர்கள். காரணம் சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரமான ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் பழைய வேலை இன்னும் போய்விடவில்லை. மூன்று வாரத்துக்கு நீங்கள் அங்கே ஊழியர்தான். இன்றே மேலாளரை நேரில் பார்த்து, ராஜினாமாவைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொல்லுங்கள். அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். பின்னாள் தேதியிட்ட ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978-ல் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் வழக்கில் தீர்ப்பளித்தது. தனியார் வேலையில் இது ஒப்பந்தத்தையும் நிர்வாகத்தின் சம்மதத்தையும் பொறுத்தது. அதனால் உரிமையாகக் கேட்காமல் வேண்டுகோளாகவே கேளுங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர்களுக்கும் அது நிம்மதிதான். முடியாது என்றால், கடைசி நாளை ஒன்றிரண்டு மாதம் தள்ளிவைக்கக் கேளுங்கள். அத்தனை மாதச் சம்பளம் வரும், வேலையில் இருந்துகொண்டே வேறு வேலையும் தேடலாம்.

புது நிறுவனத்துக்குக் கோபமாக எழுத வேண்டாம். வேறு பிரிவில் இடம் உண்டா, இழப்பீடு தருவார்களா என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டர், நீங்கள் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம் மூன்றையும் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம், இதேபோல வாக்குறுதியை நம்பி வேலையை விட்ட ஒரு மருந்தாளுநர் இழப்பீடு கேட்கலாம் என்று 1981-ல் சொன்னது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் அந்தப் பணம் கணக்கில் வந்து விழும்வரை அதைக் குடும்ப வரவில் சேர்க்கவே கூடாது.

இனி உங்கள் கேள்வி. வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டும் பணம், நீங்கள் தனியாகக் கேட்காவிட்டால், பெரும்பாலும் கடனின் காலத்தைத்தான் குறைக்கும். தவணைத் தொகை அப்படியே இருக்கும். அதாவது இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாலும், அடுத்த மாதம் அதே 35 சதவீதம் வாசலில் வந்து நிற்கும். கட்டியதைத் திருப்பிக் கேட்டால் வங்கி தராது. புதிதாகக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். இனிமேல் இல்லாமல் போவது அதுதானே!

உங்கள் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 300. முதலில் கார்டு பாக்கி 50-ஐ முழுதாக அடையுங்கள். அதன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைப்போலச் சில மடங்கு, அதைச் சுமந்துகொண்டு வேலை தேட முடியாது. மீதி 250. மாதாந்திர முதலீட்டை நிறுத்தி, தவிர்க்கக்கூடிய செலவையும் வெட்டி, வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவை 75-க்குக் கொண்டுவந்தால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். நீங்கள் நினைத்தபடி 200-ஐக் கடனில் போட்டால் மிஞ்சுவது 50. அது ஒரு மாதத்துக்கே போதாது. வட்டியில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கும் நேரமில்லை இது. உங்களுக்கு வேண்டியது பதற்றமில்லாமல் வேலை தேடும் அவகாசம், அதைக் கொடுப்பது கையில் இருக்கும் ரொக்கம் மட்டும்தான்.

பழைய நிறுவனம் சம்மதிக்கவில்லை என்றால், தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள். கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கவோ, சில மாதம் வட்டி மட்டும் கட்டவோ வழி உண்டா என்று கேளுங்கள். அது கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தவறிய தவணையின் பதிவு பல வருடம் கூடவே வரும்.

நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்று மனிதவளத் துறையிடம் இந்த வாரமே கேளுங்கள். பாலிசி பிரீமியத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். ஓய்வுகாலச் சேமிப்பில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

மனைவியிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். மேலே போட்ட 75 என்ற கணக்கு நீங்கள் ஒருவர் மட்டும் நினைத்தால் நடக்காது. வீட்டுச் செலவில் எது இறங்கும், எது இறங்காது என்பதை இருவரும் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கூடவே ஒரு எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள்: கையிருப்பு ஒன்றரை மாதச் செலவுக்கு இறங்கிவிட்டால், சம்பளம் குறைவானாலும், ஒப்பந்த வேலையானாலும், வந்ததை ஏற்றுக்கொண்டு அங்கிருந்து தேடலைத் தொடர்வது என்று.