வாளி நிரம்பினால் ஒலிக்கும் கருவி: நான்காம் வகுப்பு மாணவிக்கு எப்படி உதவுவது?

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்து 3 நிமிடம் விளக்க வேண்டும். வாளி நிரம்பியதும் ஒலி எழுப்பும் கருவி செய்ய ஆசைப்படுகிறாள். இது ஏற்கெனவே இருக்கிறதே? நாங்கள் எவ்வளவு உதவலாம்?

பதில்: இருப்பதைத் தன் தேவைக்கேற்ப மாற்றுவதும் கண்டுபிடிப்புதான். பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் 1824இல் தம் 15 வயதில் செய்தது அதைத்தான். சார்லஸ் பார்பியேயின் 12 புள்ளி எழுத்து முறையை, விரல்நுனி ஒரே தொடலில் உணரும்படி 6 புள்ளிகளாகச் சுருக்கினார். ஆகவே, வாளி நிரம்பி வழிவதால் வீட்டில் யாருக்கு என்ன தொல்லை என்று மகளே கேட்டு எழுதட்டும். வடிவத்தை அதற்கேற்ப அவளே வரையட்டும்.

மின்கம்பி முனைகளை நேரே தண்ணீரில் விடலாமே என்று முதலில் தோன்றும். குழாய்த் தண்ணீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். ஒலி மெலிந்து முனகும், அல்லது எழவே எழாது. மிதவை வைப்பது நல்லது.

30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைச் சிறிய வாளியின் குறுக்கே வைத்து, அதன் அடிப்பக்கத்தில் இரண்டு அலுமினியத் தாள் பட்டைகளை 4 மி.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். ஸ்கேலின் ஓரத்தில், பட்டைகளுக்கு அருகே, ஒரு ஸ்டிராவைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அதற்குள் 20 செ.மீ. மூங்கில் குச்சி தாராளமாக ஏறி இறங்க வேண்டும். குச்சியின் கீழ்முனையில் 5 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள தெர்மாகோல். அதன் மேற்பரப்பில் அலுமினியத் தாள். குச்சி நழுவாமலிருக்க மேல்முனையில் டேப் சுற்றுங்கள். தண்ணீர் ஏறும்போது மிதவையின் தாள் இரண்டு பட்டைகளையும் இணைத்துவிடும். தண்ணீர் ஸ்கேலுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கீழே இருக்கும்போதே ஒலி வருவதால் வாளி வழியாது.

மின்சுற்றுக்கு, கம்பிகள் உள்ள பேட்டரிப் பெட்டியில் இரண்டு ஏஏ பேட்டரிகள், அதாவது 3 வோல்ட், போதும். பெட்டியின் சிவப்புக் கம்பி, ஒலி எழுப்பும் சிறு பாகமான பஸரின் சிவப்புக்கு. பஸரின் கறுப்பு ஒரு பட்டைக்கு. பெட்டியின் கறுப்பு மற்றப் பட்டைக்கு. 3 வோல்ட்டில் இயங்கும் 'ஆக்டிவ்' பஸராக, அதாவது மின்சாரம் கிடைத்ததும் தானே ஒலிப்பதாக, கேட்டு வாங்குங்கள். 'பாசிவ்' வகை பேட்டரியில் ஒரு 'டிக்' சத்தத்தோடு நின்றுவிடும். பொத்தான் பேட்டரி வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் ஆபத்து உண்டு.

ஒலி வரவில்லையா? இரண்டு பட்டைகளையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்போது ஒலித்தால் கோளாறு மிதவையில். குச்சி ஈரமாகி ஸ்டிராவில் ஒட்டியிருக்கும், அல்லது மிதவை சாய்ந்து ஒரு பட்டையை மட்டும் தொடும். அப்போதும் ஒலிக்கவில்லை என்றால் பஸர் தலைகீழாக இணைந்திருக்கலாம், அல்லது கம்பிக்கும் தாளுக்கும் நடுவே பசை புகுந்திருக்கலாம். பசை மின்சாரத்தை விடாது; கம்பியின் உரித்த முனையைத் தாளோடு நேரடியாக அழுத்தி, மேலே டேப் ஒட்டுங்கள். இந்தத் தேடலை மகளே செய்யட்டும். நீங்கள் திருத்திக் கொடுத்துவிட்டால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. கத்தி, சூடான பசைத் துப்பாக்கி, கம்பி உரித்தல் இவை மட்டும் உங்கள் வேலை.

10 முறை சோதித்து, எத்தனை முறை ஒலித்தது, பிறகு எதை மாற்றினாள் என்று தேதியோடு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய மாதிரியைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் மேசையில் வைக்கலாம்.

பேச்சை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஒரு வரி மறந்தால் முழுவதும் நின்றுவிடும். யாருக்கு என்ன தொல்லை, கருவி எப்படி இயங்குகிறது, எது முதலில் சரிவரவில்லை, அடுத்து என்ன மாற்றுவாள் என நான்கு அட்டைகளில் படமும் சில சொற்களும் போதும். முதல் அரை நிமிடத்திலேயே ஒலி கேட்கட்டும். அதற்கு, வாளியை முன்கூட்டியே முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, மீதித் தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வையுங்கள். மாற்று பேட்டரி, டேப், துண்டு இவற்றைத் தனிப் பையில் கொடுத்தனுப்புங்கள். பள்ளிக்கு எடுத்துச் செல்லும்போது மிதவையைக் கழற்றிவிடுங்கள். குச்சி வளைந்தால் அங்கே சரிசெய்ய நேரம் இருக்காது.