தலையை ஆட்டினால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, புத்தகத்தை ஆட்டினால் மட்டும் ஏன் கலங்குகிறது?

இரண்டுக்கும் மூளையில் வழி வேறு. தலை திரும்பும்போது உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சற்றே பின்தங்கி, அசைவை உணரும் மயிரணுக்களை வளைக்கிறது. அந்தச் சமிக்ஞை மூன்றே நியூரான்களைத் தாண்டிக் கண் தசைக்குப் போய்விடும். சுமார் 10 மில்லிவினாடிக்குள் கண் எதிர்த்திசையில், ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பும். புத்தகம் ஆடினால் உட்செவிக்கு ஒன்றும் தெரியாது. விழித்திரையில் படம் நகர்ந்த பிறகுதான் கண் துரத்தத் தொடங்கும். அதற்குச் சுமார் 100 மில்லிவினாடி ஆகும்.

உட்செவி கண்ணைத் திருப்பும் இந்த அனிச்சைச் செயலைச் சோதிக்கும் முறையை ஹல்மாகி, கர்த்தாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988இல் விவரித்தார்கள். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்க்க வேண்டும். மருத்துவர் அவர் தலையை 10 முதல் 20 டிகிரி வரை சட்டென்று திருப்புவார். திருப்பிய பக்கத்து உட்செவி பழுதென்றால் கண் தலையோடு போய், பிறகு மூக்குக்குத் தாவித் திரும்பும். மெதுவாகத் திருப்பினாலோ, எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்தாலோ மற்ற கண் அசைவுகள் ஈடுகட்டிக் குறையை மறைத்துவிடும். கழுத்தெலும்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது.

மிக முக்கியமானது இது: திடீரென வந்து ஓயாமல் நீடிக்கும் தலைசுற்றலில் இந்தச் சோதனை இயல்பாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். கோளாறு செவியில் இல்லாமல் மூளையில் இருக்கலாம்; பக்கவாதமா என்று உடனே பார்க்க வேண்டும்.