தேக்கா மேலாளருக்கு நான்கு கடைக் கணக்கும் ஏன் தெரிகிறது?

கேள்வி: சிங்கப்பூரில், ஊபியில் அலுவலகம் வைத்திருக்கும் மளிகை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தேக்கா, உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட் என்று நான்கு கடைகள். மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் விற்பனை அறிக்கை செய்வது நான்தான். ஒவ்வொரு மேலாளருக்கும் அவரவர் கடைக் கணக்கு மட்டும் தெரியும்படி விதி எழுதினேன். என் கணினியில் சோதித்தபோது சரியாக இருந்தது. ஆனால் தேக்கா மேலாளருக்கு நான்கு கடைக் கணக்கும் தெரிகிறது, ஊழியர் சம்பளம்கூட. ஜூரோங் ஈஸ்ட் மேலாளருக்கு அறிக்கை திறக்கிறது, எண்கள் இல்லை. உட்லண்ட்ஸையும் தெம்பனிஸையும் ஒருவரே கவனிக்கிறார். அவருக்கு விதி எழுதினால் பிழைச் செய்தி வருகிறது. இரண்டு வாரமாக விதியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். "எல்லாருக்கும் அட்மின் கொடுத்துவிடு" என்கிறார் முதலாளி. என்ன செய்வது?

பதில்: முதலில், விதியைத் தொடுவதை நிறுத்துங்கள். தேக்காவைப் பொறுத்தவரை உங்கள் விதியில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தவே இல்லை, அவ்வளவுதான்.

பவர் பிஐ வொர்க்ஸ்பேஸில், அதாவது அறிக்கையை இணையத்தில் வைத்துப் பகிரும் இடத்தில், ஒருவரைச் சேர்க்கும்போது அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூவர் என்ற நான்கில் ஒன்றைக் கொடுக்கிறோம். நீங்கள் எழுதியது போன்ற வரிசைவாரியான பாதுகாப்பு விதி, அதாவது யாருக்கு எந்த வரிசை தெரியும் என்று சொல்லும் விதி, இதில் வியூவருக்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற மூவருக்கும் டேட்டா மாடலை (அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் தகவல் தொகுப்பை) திருத்தும் உரிமை இருப்பதால் விதி அவர்களிடம் வேலை செய்யாது. தேக்கா மேலாளருக்கு மெம்பரோ கான்ட்ரிபியூட்டரோ கொடுத்திருப்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பீர்கள். "திறக்க முடியவில்லை" என்று ஒருவர் போனில் சொன்னதும் ஒரு படி உயர்த்திவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. இன்றே அவரை வியூவராக மாற்றுங்கள். அதோடு மாடலின் அனுமதிப் பட்டியலையும் திறந்து பாருங்கள். வொர்க்ஸ்பேஸில் வியூவராக இருப்பவருக்கு அங்கே தனியாக 'ரைட்' (திருத்தி எழுதும்) அனுமதி போயிருந்தால் விதி மறுபடியும் பயனற்றுப் போகும். 'பில்ட்' அனுமதி அப்படியல்ல. அதை வைத்து அவர் சொந்தமாக அறிக்கை செய்துகொள்ளலாம், விதி அங்கேயும் அவரைப் பின்தொடரும்.

உங்கள் கணினியில் சரியாக வந்ததே என்று கேட்பீர்கள். டெஸ்க்டாப்பில் 'வியூ ஆஸ்' அழுத்தினால் அது ரோலை, அதாவது விதியை வைத்திருக்கும் பிரிவை, மட்டும் போட்டுப் பார்க்கிறது. அந்த மனிதருக்கு வொர்க்ஸ்பேஸில் என்ன பதவி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தில் இதே சிக்கலுக்காக இரவு பத்து மணி வரை உட்கார்ந்து சூத்திரத்தை நான்கு விதமாகத் திருப்பி எழுதிய ஒரு குழுவோடு நானும் இருந்திருக்கிறேன். கடைசியில் மாற்றியது ஒரே ஒரு மெனுவில் ஒரு சொல்லைத்தான். அன்றிலிருந்து சூத்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பார்ப்பதை நான் விட்டதில்லை. உங்கள் முதலாளியிடமும் இதையே சொல்லுங்கள்: எல்லாருக்கும் அட்மின் கொடுத்தால் மூன்று மேலாளர்களும் நான்கு கடையையும் பார்ப்பார்கள், அறிக்கையை அழிக்கவும் அவர்களால் முடியும்.

ஜூரோங் ஈஸ்டுக்கு வருவோம். 'எண்கள் இல்லை' என்பதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கட்டங்களில் பிழைச் செய்தி வந்து படமே ஏறவில்லை என்றால், அவர் எந்த ரோலிலும் சேர்க்கப்படவில்லை. ரோலை டெஸ்க்டாப்பில் உருவாக்குகிறோம். ஆட்களை அதில் சேர்ப்பதோ, பப்ளிஷ் செய்த பிறகு இணையத்தில், மாடலின் 'செக்யூரிட்டி' பக்கத்தில். இந்த இரண்டாவது வேலை பலருக்கு விட்டுப்போகிறது. தனித்தனியாகச் சேர்க்காமல் குழுவாகச் சேர்த்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: செக்யூரிட்டி குரூப்பை ஏற்கும், மைக்ரோசாஃப்ட் 365 குரூப்பை ஏற்காது.

படம் ஏறி, உள்ளே 'பிளாங்க்' என்று மட்டும் இருந்தால், அவர் ரோலில் இருக்கிறார், விதி அவருக்குரிய வரிசையைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது. விதியில் யூசர்பிரின்சிபல்நேம் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது தருவது அவர் உள்நுழையும் முகவரி. அவர் விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருக்கும் முகவரியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அலுவலகத்தில் எல்லாரும் அவருக்கு மெயில் அனுப்புவது பெயருக்குப் பின்னால் 'காம் டாட் எஸ்ஜி' என்று முடியும் முகவரிக்காக இருக்கும். உள்நுழைவது தகப்பனார் பெயரும் சேர்ந்த, வெறும் 'டாட் எஸ்ஜி' என்று முடியும் முகவரியாக இருக்கும். உங்கள் எக்செல் பட்டியலில் முதலாவது இருந்தால் எத்தனை முறை விதியை எழுதினாலும் பொருந்தாது.

ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு புதிய மெஷர் (அறிக்கையில் காட்டும் கணக்கீடு) எழுதி, அதில் அந்த ஃபங்ஷனை மட்டும் போட்டு, சோதனைப் பக்கம் ஒன்றில் கார்டாக வையுங்கள். அவர் திறக்கும்போது கணினி அவரை எந்தப் பெயரில் அறிந்திருக்கிறது என்பது திரையிலேயே தெரியும். அந்த எழுத்துகளை அப்படியே பட்டியலில் ஒட்டுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகத் தொந்தரவு தராது. முகவரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் இடைவெளி தரும், கண்ணுக்கும் தெரியாது. திருத்திய பிறகு மாடலை ரிஃப்ரெஷ் செய்யாவிட்டால், தகவலை நகலெடுத்து வைக்கும் இம்போர்ட் முறையில் பழைய பட்டியலே இருக்கும்.

உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் மேலாளருக்குப் பிழைச் செய்தி வருவது, நீங்கள் லுக்அப்வேல்யூ என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியதால் என்று நினைக்கிறேன். அது ஓர் ஆளுக்கு ஒரு கடையைத்தான் எதிர்பார்க்கிறது, இரண்டு கிடைத்தால் திணறும். கடைக்கு ஒரு ரோல் என்று வைத்து அவரை இரண்டிலும் சேர்க்கலாம். ரோல்கள் ஒன்றையொன்று குறைப்பதில்லை, கூட்டும், அதனால் இரண்டு கடையும் தெரியும். ஆனால் ஐந்தாவது கடை திறந்தால் மறுபடியும் புதிய ரோல் எழுத வேண்டும். நான் பரிந்துரைப்பது ஒரே ரோல், ஒரு பட்டியல். பட்டியலில் இரண்டே பத்தி (நெடுவரிசை): முகவரி, கடை. இவர் பெயரில் இரண்டு வரிசை, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. விதி அந்தப் பட்டியலின் முகவரிப் பத்தியில் மட்டும் இருக்கட்டும். பட்டியலைக் கடை டேபிளோடு இணைக்கும்போது கவனம் தேவை: ஃபில்டர் இயல்பாகக் கடையிலிருந்து பட்டியலை நோக்கித்தான் ஓடும், உங்களுக்கு வேண்டியது அதன் எதிர்த்திசை. ரிலேஷன்ஷிப்பைத் திறந்து இரு திசையும் என்று மாற்றி, பாதுகாப்பு ஃபில்டரும் இரு திசையிலும் செல்லட்டும் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், விதி மட்டும் விற்பனை வரை போய்ச் சேராது.

சம்பளம்தான் எனக்கு உண்மையில் கவலை தருவது. அந்தப் பத்தியை 'ஹைட்' செய்திருந்ததாக வைத்துக்கொண்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. மறைத்த பத்தி மாடலில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. பில்ட் அனுமதி உள்ளவர் அதை எட்டிவிட முடியும். பத்தியையே பூட்டும் வசதி தனியாக உண்டு என்றாலும், விற்பனை அறிக்கைக்குச் சம்பளம் எதற்கு? சம்பளத்தையும் அடையாள அட்டை எண்ணையும் இந்த மாடலிலிருந்து எடுத்துவிட்டு, வேறு வொர்க்ஸ்பேஸில், இரண்டு மூன்று பேர் மட்டும் நுழையும்படி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கையில் உள்ள தகவலுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. தகவல் கசிவால் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேரக்கூடும் என்றாலோ, 500 பேருக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டாலோ, அப்படி மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விதி 2021 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்கு உள்ளேயே ஒருவர் பார்த்ததோடு நின்றால் அறிவிக்க வேண்டியதில்லை. அவர் அதை எக்செலாக இறக்கி வெளியே அனுப்பியிருந்தால் கதை வேறு. அதனால் தேக்கா மேலாளரிடம் பக்குவமாகக் கேட்டுவிடுங்கள், தவறு அவருடையதல்ல. உங்கள் நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி ஒருவரை நியமிப்பது எல்லா நிறுவனத்துக்கும் கட்டாயம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலாளர்களுக்குக் காலையில் அறிக்கை தானாக மெயிலில் போகும்படி நீங்களே சப்ஸ்கிரிப்ஷன் வைத்திருந்தால், வழக்கமாக அதில் போவது உங்கள் கண்ணுக்குத் தெரியும் கணக்கு, அவர்களுக்குரியது அல்ல. விதியெல்லாம் சரிசெய்த பிறகும் அந்த மெயில் நான்கு கடை விற்பனையையும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டு, அவரவரையே தமக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் ஜூரோங் ஈஸ்ட் மேலாளரைக் கூப்பிடுங்கள். ஒருமுறை வெளியேறி, அவருடைய போனிலேயே மறுபடியும் உள்நுழையச் சொல்லுங்கள். முதலில் கார்டில் தெரியும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு நேற்றைய மொத்த விற்பனையை. கடையின் கல்லா ரசீதோடு அந்த எண் ஒத்துப்போனால் சோதனைப் பக்கத்தை எடுத்துவிடலாம்.