திருமண அழைப்பிதழில் குத்துச்சண்டை

கேள்வி: மகளின் திருமணத்திற்காக இணைய அச்சகம் ஒன்றிடம் 300 அழைப்பிதழ்கள் வாங்கினேன். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் தமிழாக்கமும் தங்கள் பொறுப்பு என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வந்து சேர்ந்த அழைப்பிதழில் ‘குத்துச்சண்டைப் பரிசுகள் வேண்டாம்’ என்று இருப்பதைப் படித்துவிட்டு என் தாயார் சிரிக்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்டால், உங்களுக்கென்றே செய்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முழுவதும் சரியன்று. பெட்டியில் வைத்த பரிசுகள் வேண்டாம் என்பதற்கு நம் ஊர் அழைப்பிதழ்களில் ‘நோ பாக்ஸ்ட் கிஃப்ட்ஸ்’ என்று போடுவது வழக்கம். ‘பாக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பெட்டியையும் குறிக்கும், குத்துச்சண்டை போடுவதையும் குறிக்கும். கல்யாண வீட்டு வழக்கம் அறியாத மொழிபெயர்ப்பு மென்பொருள் சண்டையைத் தேர்ந்துகொண்டது.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, இணையத்தில் வாங்கிய பொருளை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தர இடமளிக்கிறது. வாங்குபவருக்கென்றே செய்த பொருளுக்கு அது பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு 44ஆம் பிரிவுக்கு மட்டுமே உரியது. வாங்கும் ஆணையை (ஆர்டரை) உறுதி செய்யுமுன் அதை முழுமையாகப் பார்த்துத் திருத்தவோ விலகவோ விற்பவர் வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. அந்த வாய்ப்பு உங்களுக்குத் தரப்படவில்லை என்றால், அழைப்பிதழ் கைக்கு வந்த 14 நாளுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம்.

மாதிரியைத் திரையில் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போதும் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தமிழாக்கத்தையும் சேர்த்தே அவர்கள் விற்றிருப்பதால் அது ஒரு சேவை. சேவை உரிய தரத்தில் இல்லையென்றால், குறையைச் சரிசெய்யுமாறோ விலையில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தருமாறோ கேட்கும் உரிமையை அதன் 54ஆம் பிரிவு தருகிறது. பிழை செய்தது மென்பொருள் என்பது விற்றவரின் பொறுப்பை நீக்காது என்பதே என் உறுதியான கருத்து. விளம்பரத்தின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) அழைப்பிதழின் படத்தையும் இணைத்து இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள், சேவை ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

மறுபடி அச்சிடுமுன் உங்கள் தாயாரே வரிக்கு வரி படித்துப் பார்க்கட்டும். அந்த வரிக்கு ‘பரிசுப்பொருள்கள் வேண்டாம், மொய் மட்டும் போதும்’ என்று போட்டால் பொருள் தெளிவாக இருக்கும்.