வீட்டு ஸ்டீரியோவில் ஆர்கெஸ்ட்ரா வயலின்கள் இயல்பாக ஒலிக்க என்ன செய்யலாம்?

பாட்டும் பியானோவும் நன்றாகக் கேட்கிற அதே செட்டில் வயலின் கூட்டம் மட்டும் கீச்சென்று காதைக் குத்துகிறதா? புது ஆம்ப்ளிஃபையர், புது கேபிள் என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் பகுதியில் மட்டும் 16 பேர் வரை இருப்பார்கள். எல்லோரும் ஒரே சுரத்தை வாசித்தாலும் ஆளுக்கு ஆள் சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது கலந்து வரும்போதுதான் அந்தப் பட்டு மினுமினுப்பு கிடைக்கிறது. வயலினின் உச்ச ஒலிகள் பெரும்பாலும் மேல்நோக்கிப் போகின்றன. ரசிகரின் இருக்கைக்கு வருவதற்குள் நன்றாகத் தேய்ந்துவிடும். ஒலிப்பதிவு மைக்குகளோ மேலே தொங்குகின்றன. 1950களில் வந்த ‘டெக்கா ட்ரீ’ என்ற ஒலிப்பதிவு முறையிலும் மூன்று மைக்குகள் இசை நடத்துநரின் தலைக்கு மேலேதான். ஆக, அரங்கில் யாருமே உட்காராத இடத்தில் பிடித்த ஒலி நம் வீட்டுக்கு வருகிறது.

அதனால் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, ஒன்றிரண்டு டெசிபெல் குறைப்பது தப்பே இல்லை. டோன் கன்ட்ரோலைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஸ்பீக்கர் நேரே காதைப் பார்க்காமல் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலும் கூர்மை குறையும். பக்கச் சுவர் வெறுமையாக இருந்தால் கனமான திரை போடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், பாதிக் கீச்சு கீழ் ஸ்தாயி மெலிந்துபோவதால் வருவது. வயலினின் மிகக் கீழான கம்பி 196 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரின் முகப்பு பின்சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, சுமார் 215 ஹெர்ட்ஸில் நேரே வரும் ஒலியோடு மோதி அதைக் கரைத்துவிடும். வயலினுக்கும் செல்லோவுக்கும் உடம்பு தருவதே அந்த இடம்தான்! சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், ஒலி கரையும் அந்தப் பள்ளம் 85 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் டபுள் பாஸில் கொஞ்சம் குறையலாம், வயலின்கள் தப்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சத்தத்தை மிகக் குறைவாக வைக்காதீர்கள், காது முதலில் இழப்பது கீழ் ஒலிகளைத்தான்.

இத்தனைக்கும் பிறகும் குத்தினால், அதே பதிவை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் குத்தினால் பெரும்பாலும் பதிவே அப்படித்தான். அங்கே இனிமையாக இருந்தால், கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரும் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரும் கைமாறுகிற இடத்தைச் சந்தேகிக்கலாம். பல ஸ்பீக்கர்களில் அது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் வரும், காதும் அந்தப் பக்கம் மிகக் கூர்மை. சரி, ஸ்பீக்கரை மாற்றுவதைப் பற்றி அப்போது யோசியுங்கள்.