கவுண்டி முழுக்க ஆபத்தா?

கேள்வி: மகள் ஹூஸ்டனில் வீடு வாங்கப் போகிறாள். அந்த ஊர் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) பேரிடர் ஆபத்து மிக அதிகம் என்று அமெரிக்க அரசின் ஆபத்துக் குறியீடு சொல்கிறதாம். தடுக்கவா? – ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் குறியீடு, 18 வகை இயற்கை இடர்களால் ஆண்டுக்கு எத்தனை டாலர் இழப்பு வரலாம் என்று கணக்கிடுகிறது. வறுமை, மீளும் திறன் ஆகியவற்றையும் சேர்க்கிறது. வீடுகள் நெருங்கிய கவுண்டிக்குத் தொகை தானாகவே ஏறும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அப்போது மேட்டிலிருந்த என் வீட்டுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. அதே தெருவின் கீழ்க்கோடியில், ஓடையோரமாக இருக்கும் அண்ணன் வீட்டில் ஜன்னல் வரை சேறு. கவுண்டி எண் இதைக் காட்டாது.

மகள் வாங்கப் போகும் வீட்டுத் தெருவின் வெள்ள வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2017 ஹார்வி புயலில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்கட்டும். அப்புறம், அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக எடுக்க வேண்டும்.