டீச்சரிடம் கேளுங்கள்: ஏழாம் ரேங்குக்குப் பரிசு உண்டா?

(நாகர்கோவிலில் 31 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை பதில் தருகிறார்)

டீச்சர், மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் முதல் ரேங்குக்குத்தான். நான் வகுப்பில் ஏழாவது. எனக்கெல்லாம் ஏதாவது பரிசு கிடைக்குமா?
– மாணவி, குலசேகரம்

கிடைக்கும் மக்களே. அந்த 'எனக்கெல்லாம்' என்பதை மட்டும் முதலில் விட்டுவிடு. தங்கப் பதக்கம் மூன்று வருட மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துத் தருவது. செய்த வேலையைப் பார்த்துத் தருகிற பரிசுகள் வேறு. கருத்தரங்குகளில் கட்டுரைக்கும் சுவரொட்டிக்கும் தருவார்கள். நான் பல இடங்களில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாணவியிடமும் ரேங்க் கேட்டதில்லை. எத்தனை செடி பார்த்தாய், எத்தனை நாள் பார்த்தாய் என்றுதான் கேட்போம்.

உன் வீட்டிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அப்பா ஏன் இருட்டோடு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறார்? இரவில் இலை வழியே நீர் அதிகம் போவதில்லை. அதனால் விடியுமுன் மரப்பட்டையின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்பா வெட்டுகிற தோட்டத்தில் எவ்வளவு குறைகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, பத்து மரம் எடுத்துக்கொள். ஒரு வெட்டு நாளில் ஐந்து மணிக்கு, அடுத்த வெட்டு நாளில் ஏழு மணிக்கு, அதற்கடுத்த வெட்டு நாளில் ஒன்பது மணிக்கு என்று அப்பாவை மாற்றி மாற்றி வெட்டச் சொல். சிரட்டையில் விழும் பாலை அளவு ஜாடியில் ஊற்றி, மில்லி கணக்கில் எழுது. முந்தின நாள் மழை பெய்ததா என்றும் எழுது. மரத்துக்கு மரம் பால் வித்தியாசப்படும், அதனால் மூன்று நேரத்துக்கும் அதே பத்து மரங்கள்தான் இருக்க வேண்டும். இரண்டு மாதம் இதை விடாமல் எழுதிவிட்டால், முதல் ரேங்க் பிள்ளையிடம் இல்லாத ஒன்று உன் கையில் இருக்கும்.

இன்னொன்று. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். என்ன ஆராய விரும்புகிறாய் என்று சுருக்கமாக எழுத வேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். எழுதுவதற்கு உன்னிடம் ரப்பர் பால் கணக்கு இருக்கும். எம்.எஸ்சி. போனால், கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் தரும் நிதிக்கும் துறை மூலமாக விண்ணப்பித்துப் பார்.

அறிவிப்பு தானாகக் கைக்கு வரும் என்று மட்டும் இருந்துவிடாதே. நான் எம்.எஸ்சி. படித்தபோது ஒரு பரிசு அறிவிப்பு கடைசித் தேதி தாண்டும்வரை துறையின் மேசை டிராயரிலேயே கிடந்தது. கேட்டபோது, "அதுக்கெல்லாம் யாரு அனுப்பப் போறா" என்றார்கள். அந்த வலி இன்னும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, வந்த ஒவ்வொரு அறிவிப்பையும் கரும்பலகையின் வலது மூலையில் எழுதிவைத்தேன். அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் ஒரு பையன் தன் பாட்டியின் விளையில் (தோட்டத்தில்) முப்பது மட்டி வாழைக் குலைகளுக்குச் சீப்பும் காயும் எண்ணிக்கொண்டு வந்தான். கருத்தரங்கில் அவனுக்கு இரண்டாம் பரிசு. 2023-இல் மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று எனக்கு முதல் போன் அவனிடமிருந்துதான்.

மகன் வேளாண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஜே.ஆர்.எஃப். என்கிறான். அது பரிசா, பரீட்சையா?
– தந்தை, பூதப்பாண்டி

பரீட்சைதான். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) என்று மாணவர்கள் சொல்வது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுகலை நுழைவுத் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்குத் தரும் மாத உதவித்தொகை. எழுதட்டும். பிஎச்.டி. முடித்தவர்களின் சிறந்த ஆய்வேட்டுக்கு அதே கழகம் ஜவஹர்லால் நேரு விருது கொடுத்து வந்திருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே உருவானவை. கும்பப்பூ நெல் பருவத்தில் போனால் வயலையும் பார்க்கலாம்.

'சிறந்த இளம் விஞ்ஞானி' விருதுக்குத் தேர்வாகியிருப்பதாக மெயில் வந்தது. 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.
– ஆய்வு மாணவர், தக்கலை

கட்டாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்காத, உங்கள் ஆய்வை யாரும் படித்துப் பார்க்காத விருது அது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கைலென்ஸ் வாங்கலாம்.

அப்பா விவசாயி. அவர் நினைவாகக் கல்லூரியில் 2 லட்சம் போட்டுத் தாவரவியலில் தங்கப் பதக்கம் வைக்க நினைக்கிறோம்.
– வாசகர், குளச்சல்

உங்கள் மனசுக்கு என் வணக்கம். ஆனால் பதக்கம் வேண்டாம். 7 சதவீத வட்டி என்றாலும் வருடம் 14,000 ரூபாய் வரும். அதைக் களப்பணிக்குக் கொடுங்கள். பேச்சிப்பாறைக்குப் போய்வர பஸ் காசு இல்லாமல் புராஜெக்டைச் சுருக்கிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்குத் தந்த பார்பர் உதவித்தொகைதான் அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனது. 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் பாடம் நடத்தினார். நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அப்புறம் கோயம்புத்தூர் போய்க் கரும்பு ஆராய்ச்சி செய்தார். யாரோ ஒருவர் எங்கோ ஒதுக்கிவைத்த பணம் அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது, பாருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதனும் 1987-இல் முதல் உலக உணவுப் பரிசு வாங்கியபோது, அந்தப் பணத்தைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்.

கல்லூரியோடு எழுதும் பத்திரத்தில் இரண்டு நிபந்தனை சேருங்கள். மதிப்பெண் பட்டியலோடு களக் குறிப்பேட்டையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி திறக்கும் வாரத்திலேயே அறிவிப்பை மாணவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். கையெழுத்துப் போடுமுன் வரைவை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், படித்துத் தருகிறேன்.